வாட்டர்ஃபாலில் கோடு தெரிகிறது, ஒரு ஃபிரேம் கூட வரவில்லை: ஏற்காடு ஏற வேண்டுமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் இருக்கிறேன். கணினியில் செருகி ரேடியோ சிக்னல்களைப் பிடிக்கும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் வாங்கி, மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து, 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மாணவர் செயற்கைக்கோள்களின் டெலிமெட்ரியை, அதாவது அவை தங்கள் நிலையைச் சொல்லி அனுப்பும் தரவை, பிடிக்கப் பார்க்கிறேன். சிக்னலை நேரவாரியாகப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபாலில் கோடு வளைந்து வருவது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஒரு ஃபிரேம் கூட, அதாவது ஒரு தரவுத் தொகுப்பு கூட, டீகோட் ஆகிப் படிக்கும்படி வரவில்லை. வீட்டைச் சுற்றி விசைத்தறிகள், ஊரைச் சுற்றி மலைகள். கருவிகளை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனால் கிடைக்குமா? இல்லை, விலை கூடிய ரிசீவர் வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். கோடு தெரிகிறது என்றாலே செயற்கைக்கோளின் சிக்னல் உங்கள் மாடி வரை வந்து சேர்ந்துவிட்டது. அது தொலைந்துபோவது மாடிக்கும் மடிக்கணினிக்கும் நடுவே இருக்கும் சில மீட்டர் தூரத்தில். அந்த இடத்தைச் சரிசெய்யாமல் மலை ஏறினால், அதே இழப்பை ஏற்காட்டுக்கும் சுமந்துகொண்டு போவீர்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். ரேடியோவில் பேச்சுக் கேட்கும்போது இரைச்சலுக்கு நடுவிலும் பாதி வார்த்தைகள் புரியும். டெலிமெட்ரியில் அந்தச் சலுகை கிடையாது. சிறு செயற்கைக்கோள்கள் பலவும் ஏ.எக்ஸ்.25 என்ற பழைய பாக்கெட் ரேடியோ முறையில்தான் அனுப்புகின்றன. ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். நடுவில் ஒரே ஒரு பிட் பிசகினாலும் கணக்கு ஒத்துவராது, மென்பொருள் அந்த ஃபிரேமை அப்படியே தள்ளிவிடும். உங்கள் திரையில் எதுவும் வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 பைட் ஃபிரேம் என்றால் 1600 பிட். ஆயிரம் பிட்டில் ஒன்று தவறினால், அனுப்பிய ஃபிரேம்களில் ஐந்தில் ஒன்றுதான் முழுதாக வந்து சேரும். பத்தாயிரத்தில் ஒன்று தவறினால் நூற்றுக்கு 85 வந்துவிடும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே இருக்கும் சிக்னல் வித்தியாசம், அதிர்வெண்ணை மாற்றி 0, 1 அனுப்பும் எஃப்.எஸ்.கே. முறைக்கான கோட்பாட்டுக் கணக்கில், ஏறத்தாழ ஒன்றரை டெசிபல்தான். டெசிபல் என்பது சிக்னல் பலத்தை ஒப்பிடும் அலகு. கண்ணால் வாட்டர்ஃபாலைப் பார்த்து அந்த ஒன்றரை டெசிபலைப் பிரித்தறிய யாராலும் முடியாது. கோடு ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு நாள் திரை நிரம்பும், மறுநாள் வெறுமையாக இருக்கும். ஆகவே உங்கள் வேலை இரண்டு மூன்று டெசிபலைத் தேடிப் பிடிப்பது. அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

முதலில் கேபிளைப் பாருங்கள். கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஆர்.ஜி.58. அந்த மெல்லிய கறுப்புக் கேபிள் 437 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு 3 டெசிபல் தின்றுவிடும். வந்த சிக்னலில் பாதி வழியிலேயே போய்விட்டது என்று பொருள். கேபிள் டி.வி.க்காரர்கள் இழுக்கும் ஆர்.ஜி.6 அதே நீளத்துக்கு ஒன்றரை டெசிபல் அளவில் நிறுத்திவிடும். அது 75 ஓம், டாங்கிள் 50 ஓம் என்று சிலர் தயங்குவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் வரும் இழப்பு 0.2 டெசிபல் கூட இல்லை, கவலைப்படத் தேவையில்லை. நாம் தேடும் ஒன்றரை டெசிபல், விலை குறைந்த கேபிளுக்கு மாறுவதிலேயே கிடைத்துவிடுகிறது. இதைவிட நல்லது, டாங்கிளையே மாடிக்குக் கொண்டுபோய் ஆன்டெனாவின் அடியில் வைத்து, கேபிளை ஒரு மீட்டராகச் சுருக்குவது. எல்.என்.ஏ. எனப்படும் குறை இரைச்சல் பெருக்கியை வாங்கினால், அதன் இடம் ஆன்டெனாவின் காலடிதான். கேபிளின் இந்தப் பக்கம் மடிக்கணினிக்கு அருகே வைத்தால், கேபிள் ஏற்கெனவே கெடுத்துவிட்ட சிக்னலைத்தான் அது பெருக்கும்.

அடுத்தது ஆன்டெனா. டாங்கிளோடு வரும் காந்த அடிக் குச்சியை நிமிர்த்தி வைத்திருக்கிறீர்கள் என்றால், அதற்கு நேர் மேலே செவி கிடையாது. செயற்கைக்கோள் உங்களுக்கு மிக அருகில் வரும் நேரம் அது தலைக்கு மேலே இருக்கும் நேரம். அந்த நல்ல நிமிடங்களையே குச்சி கோட்டைவிடுகிறது. இரண்டு கம்பிகளை 120 பாகை விரித்து வி வடிவில் தரைக்கு இணையாகப் படுக்க வையுங்கள். 437 மெகாஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு கம்பியும் 16.5 சென்டிமீட்டர், 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர் அளவு. இதற்குக் காது முழுவதும் வானத்தை நோக்கித்தான். இன்னும் வேண்டுமானால், மின்வயர் போடும் பி.வி.சி. குழாயில் ஒரே திசையில் கூர்மையாகக் கேட்கும் ஐந்து கம்பி யாகி ஆன்டெனா ஒன்றை நீங்களே கட்டிக்கொள்ளலாம். ஆறேழு டெசிபல் கூடக் கிடைக்கும். கையில் பிடித்து வானத்தில் பின்தொடர வேண்டும். சிறு செயற்கைக்கோள்கள் உருண்டுகொண்டே போகும். ஆகவே யாகியைக் குறிவைப்பதோடு, குழாயை அச்சாகக் கொண்டு மணிக்கட்டை மெல்லத் திருப்பியும் பாருங்கள். மங்கிப்போன கோடு கால் சுற்றுத் திருப்பத்தில் பளிச்சென்று எழும்பும். கையில் பிடித்த யாகியோடு மாடியில் நிற்பவருக்குத்தான் அலைமுனைப்பு (அலை அதிரும் திசை) என்றால் என்ன என்பது உண்மையில் புரிகிறது.

இப்போது மலைக்கு வருவோம். சேலம் ஒரு கிண்ணம். வடக்கே சேர்வராயன், நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. ஆனால் இந்த மலைகள் உங்களிடமிருந்து எதைப் பறிக்கின்றன என்று பாருங்கள். சேர்வராயன் முகடு நகரத்தைவிட 1200, 1300 மீட்டர் உயரம். கொண்டலாம்பட்டி ஊரின் தெற்கே இருப்பதால், உங்கள் மாடியிலிருந்து அது அடிவானத்தில் ஐந்தாறு பாகையைத்தான் மறைக்கும். 500 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள் அடிவானத்தில் தலைகாட்டும்போது உங்களிடமிருந்து 2500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 10 பாகை ஏறும்போது 1700 கிலோமீட்டர். 30 பாகையில் 900. உச்சியில் 500. அதாவது 10 பாகைக்கும் 30 பாகைக்கும் நடுவே மட்டும் 5 டெசிபலுக்கு மேல் லாபம். சிறிய ஆன்டெனா வைத்திருப்பவருக்கு மலை மறைக்கும் வானத்தில் எப்படியும் ஒன்றும் கிடைக்காது. செயற்கைக்கோள் ஒருமுறை வானத்தைக் கடந்து போவதைப் பாஸ் என்பார்கள். உச்சி உயரம் 40 பாகையைத் தாண்டும் பாஸ்களை மட்டும், வருகையை முன்கூட்டிக் கணிக்கும் ஜிபிரெடிக்ட் போன்ற மென்பொருளில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஊசிமுனை வளைவு ஏறிப் பெறுவதைவிட அதிகம் அதிலேயே கிடைத்துவிடும்.

இரைச்சல் பற்றி நீங்கள் சந்தேகப்பட்டது சரியான திசைதான், ஆனால் குற்றவாளி தறியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எல்.இ.டி. பல்பு, மடிக்கணினி சார்ஜர், மாடி சோலார் இன்வெர்ட்டர், சி.சி.டி.வி. கேமராவின் பவர் சப்ளை என எல்லாமே சந்தேகப் பட்டியலில் உண்டு. கண்டுபிடிக்க நம் ஊரில் ஒரு நல்ல வழி இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று நாளிதழில் அறிவிப்பு வருமே, அந்த நாளைக் குறித்து வையுங்கள். மடிக்கணினி பேட்டரியில் ஓடட்டும். மின்சாரம் போவதற்கு ஐந்து நிமிடம் முன்பே வாட்டர்ஃபாலைப் பதிவு செய்யத் தொடங்குங்கள். மின்சாரம் போனதும் தறிகள் நிற்கும், தெருவே அடங்கும். திரையில் இரைச்சல் தளம், அதாவது சிக்னல் இல்லாதபோதும் இருக்கும் அடிப்படை இரைச்சல், எத்தனை டெசிபல் இறங்குகிறது என்பதைப் படித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நல்ல பாஸ் ஒன்று அமைந்தால் டீகோட் முயற்சியும் செய்யுங்கள். இரைச்சல் தளம் இறங்கவே இல்லை என்றால் தறிகளுக்கும் உங்கள் பிரச்சினைக்கும் சம்பந்தமில்லை. இறங்கினால், மின்சாரம் திரும்பி வந்த பிறகு உங்கள் வீட்டு மெயினை மட்டும் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் உங்கள் வீட்டிலிருந்து வருகிறதா, தெருவிலிருந்தா என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் சொந்த வீட்டில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். டாங்கிளை மடிக்கணினியில் நேராகச் செருகாமல், நல்ல யு.எஸ்.பி. நீட்டிப்பு வயரில் தள்ளி வைப்பதே பல வீடுகளில் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது.

கெயின், அதாவது ரிசீவரின் பெருக்க அளவு, வைப்பதில் புதியவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: முழுக்க ஏற்றிவிடுவது. ஆர்.டி.எல். டாங்கிளில் இருப்பது சிக்னலை எண்களாக்கும் 8 பிட் மாற்றி. பக்கத்து எஃப்.எம். நிலையமும் செல்போன் கோபுரமும் அந்தச் சிறிய இடத்தை நிரப்பிவிட்டால், செயற்கைக்கோளுக்கு இடம் இருக்காது. தானியங்கிக் கெயினை அணைத்துவிட்டு, ஆன்டெனாவைச் செருகியதும் இரைச்சல் தளம் சிறிதளவு உயரும் புள்ளி வரை ஏற்றுங்கள், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் ஏற்றினால் இல்லாத சிக்னல்கள் முளைக்கும். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸைத் தடுக்கும் எஃப்.எம். ஃபில்டர் ஒன்றையும் எல்.என்.ஏ.வுக்கு முன்னால் போடலாம். விலை கூடிய ரிசீவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 12 பிட், 14 பிட் ரிசீவர்களின் உண்மையான பலன் இந்த நெரிசலைத் தாங்குவதில்தான். சிக்னல் பலவீனமாக இருப்பதற்கு அது மருந்து ஆகாது.

மென்பொருளில் இரண்டு இடங்களைச் சரிபாருங்கள். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் வரும் எஃப்.எஸ்.கே. சிக்னலைப் பேச்சு கேட்பதற்கான எஃப்.எம். அமைப்பில் வைத்தால் ஒருநாளும் டீகோட் ஆகாது. பேச்சுக்காக ஒலியை மாற்றும் ஸ்குவெல்ச், இரைச்சல் குறைப்பு, டீ-எம்ஃபசிஸ், ஆடியோ ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்து, அகலத்தை 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். ஆடியோ வழியைத் தவிர்த்து, டாங்கிள் தரும் மூல சிக்னலான ஐ.க்யூ. பதிவை நேரடியாக ஜிஆர்-சாட்டிலைட்ஸ் என்ற டீகோட் மென்பொருளுக்குக் கொடுப்பது இன்னும் நல்லது. பதிவு கையில் இருந்தால் பாஸ் முடிந்த பிறகும் அமைப்புகளை மாற்றி மாற்றித் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். எனக்கு ஐ.க்யூ. பதிவு இல்லாமல் ஒரு பாஸைப் பிடிப்பது மனசுக்கு ஒப்பாது.

இரண்டாவது அதிர்வெண். செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், டாப்ளர் விளைவில் (நெருங்கும்போதும் விலகும்போதும் அதிர்வெண் மாறித் தெரிவது) 437 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் மேலும் கீழும் 10 கிலோஹெர்ட்ஸ் வரை நகரும். வாட்டர்ஃபாலில் நீங்கள் பார்க்கும் வளைவு அதுதான். ஜிபிரெடிக்ட் அதைத் தானாகத் திருத்தும். ஆனால் சுற்றுப்பாதை விவரம் புதியதாகவும், கணினிக் கடிகாரம் சரியாகவும் இருக்க வேண்டும். பழைய மலிவு டாங்கிள்களில் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் படிகம் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை பிசகலாம். 437 மெகாஹெர்ட்ஸில் அது 20 கிலோஹெர்ட்ஸுக்கும் மேல். டாப்ளரைவிடப் பெரிய பிழை. வெப்பநிலை ஈடுசெய்யும் படிகம் உள்ள டாங்கிள் என்றால் 1 பி.பி.எம்., அரை கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும்.

இத்தனையையும் சரிசெய்த பிறகு, எடுத்தவுடன் 437-க்குப் போக வேண்டாம். சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாக்கெட் ரேடியோ 145.825 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. 1200 வேகம், பலமான சிக்னல், டாப்ளர் மூன்றரை கிலோஹெர்ட்ஸ்தான். அது இயங்கிக்கொண்டிருக்கும் நாளில் படுக்க வைத்த வி ஆன்டெனாவிலேயே டீகோட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் குறை உங்கள் பக்கம்தான் என்று நிச்சயமாகத் தெரிந்துவிடும். 437-ல் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் மாணவர் செயற்கைக்கோள்களில் பல, ஏவிய சில மாதங்களில் மௌனமாகிவிடுகின்றன. இல்லாத ஒன்றுக்காக மாடியில் காத்திருக்கக் கூடாது. எது உயிரோடு இருக்கிறது என்பதை ஆர்வலர் நிலையங்கள் சேர்ந்து நடத்தும் சாட்நாக்ஸ் தரவுத்தளத்தில் பார்த்த பிறகே குறிவையுங்கள்.

முதல் ஃபிரேம் வந்ததும் அதைச் சும்மா சேமித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எண்களாக விரித்துப் பாருங்கள். முதல் ஏழு பைட் பெறுபவரின் அழைப்புக்குறி, அடுத்த ஏழு அனுப்புபவருடையது. இந்திய அழைப்புக்குறி வி.யு.2 என்று தொடங்கினால் அங்கே 172, 170, 100 என்று இருக்கும். அந்த எழுத்துகளுக்குக் கணினி தரும் ஆஸ்கி எண்களான 86, 85, 50 ஒவ்வொன்றும் இரட்டிப்பாகியிருக்கிறது, ஏ.எக்ஸ்.25 எழுத்துகளை ஒரு பிட் இடப்பக்கம் தள்ளி வைக்கும். அதன் பிறகு 3, 240 என்ற இரண்டு பைட். பதினேழாவது பைட்டிலிருந்து செயற்கைக்கோள் தன் உடல்நிலையைச் சொல்லத் தொடங்குகிறது. பேட்டரி மின்னழுத்தத்துக்கு இரண்டு பைட் ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் 31, 64 என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பைட்டை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் 8000 மில்லிவோல்ட், 8 வோல்ட். வரிசையைப் புரட்டிப் படித்தால் 16,415. பதினாறு வோல்ட்டுக்கும் மேல். இரண்டு லித்தியம் செல் தொடராக வைத்த பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட்தான் காட்டும். ஆகவே எந்த வரிசை சரி என்பதை இயற்பியலே சொல்லிவிடுகிறது. இந்தத் திருப்தி வேறெதிலும் கிடைக்காது.

ரேடியோ ஆர்வலர்களுக்கான அமெச்சூர் அலைவரிசையில் பொருளை மறைக்கும் நோக்கத்துடன் சங்கேதமாக அனுப்பக் கூடாது என்பது விதி. நாம் பார்த்துப் படிக்க முடிவதற்கு அடிப்படை அதுதான். இந்த வழக்கம் பழையது. 1961 டிசம்பர் 12-ல் ஏவப்பட்ட அமெச்சூர் செயற்கைக்கோள் ஆஸ்கர்-1, 140 மில்லிவாட் சக்தியில் மோர்ஸில் 'ஹாய்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லும் வேகம் உள்ளே இருந்த வெப்பநிலையைப் பொறுத்து மாறும். 28 நாடுகளில் இருந்த அமெச்சூர்கள் கடிகாரத்தை வைத்து அந்த வேகத்தை அளந்து எழுதி அனுப்பினார்கள். அளவீடு என்ற வகையில் இன்று நீங்கள் செய்ய முயல்வதும் அதுவே. 2005 மே 5-ல் பி.எஸ்.எல்.வி. சி-6 கொண்டுபோன நம்முடைய அமெச்சூர் செயற்கைக்கோள் ஹாம்சாட், லித்தியம் அயான் பேட்டரி பழுதாகி 2014-ல் ஓய்ந்தது. 1974-ல் போன ஆஸ்கர்-7-ன் கதை நேர்மாறு. பேட்டரி கெட்டு 1981-ல் அடங்கியது. 2002-ல் திரும்பப் பேசியது. குறுக்குச்சுற்றாகிக் கிடந்த பேட்டரி திறந்த சுற்றாக மாறியதால், சோலார் பலகையின் மின்சாரம் நேராக டிரான்ஸ்மிட்டருக்குப் போனது. வெயிலில் மட்டும் உயிர் வரும். ஒரு செயற்கைக்கோளின் ஆயுள் பேட்டரி வரியில் எழுதியிருக்கிறது என்பதற்கு இந்த இரண்டும் போதும். நிழலில் பலகை மின்னோட்டம் பூஜ்யமாகி மின்னழுத்தம் இறங்குவது இயல்பு. வெயிலில் இருக்கும்போதே அப்படிக் காட்டினால் கவலைக்குரியது. செயற்கைக்கோளின் கணினி மறுதொடக்கமான ரீசெட் எண்ணிக்கை இன்றைக்கும் நேற்றைக்கும் நடுவே ஏறியிருந்தால் ஏதோ நடந்திருக்கிறது.

இனி ஏற்காடு. வீட்டில் டீகோட் ஆகத் தொடங்கிய பிறகு, அடிவானம் வரை நீளும் பாஸ்களைப் பிடிக்க ஆசை வரும். அப்போது போங்கள். எஸ்டேட்டுகளின் நடுவே வீட்டு மின்சாதனங்களின் இரைச்சல் வெகுவாகக் குறையும். ஆனால் மலையின் விளிம்பில் நின்றால் சமவெளியிலுள்ள கோபுரங்களெல்லாம் நேர் பார்வைக்கு வந்துவிடும், எஃப்.எம். ஃபில்டர் இல்லாமல் போனால் டாங்கிள் திணறும். ஏரிக்கரை பள்ளம், சில்வர் ஓக் மரங்களின் அடியிலோ நனைந்த இலைகள் 437 மெகாஹெர்ட்ஸ் போன்ற யு.எச்.எஃப். சிக்னலை உறிஞ்சும். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி, 1600 மீட்டருக்கு மேல், திறந்த வானம். அங்கே நாலாபக்கமும் கிடைக்கும். பனிமூட்டம் இந்த அதிர்வெண்களுக்குப் பொருட்டே அல்ல. இடி அப்படி அல்ல. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மதியத்துக்கு மேல் கறுத்தால் ஆன்டெனாவை இறக்கிவிட்டுக் கீழே வந்துவிடுங்கள். மாடியிலும் அதே விதி. கேபிளைப் பிடுங்கி வெளியே போட்டுவிடுங்கள். பொது இடத்தில் ஆன்டெனாவோடு நிற்பவரிடம் யாராவது வந்து விசாரிப்பது இயல்பு. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வை எழுதி அமெச்சூர் உரிமம் பெற்றுக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு செயற்கைக்கோள் வழியாக நீங்களே அனுப்ப விரும்பினால் அது கட்டாயம்.

பிடித்த ஃபிரேம்களை சாட்நாக்ஸ் தரவுத்தளத்துக்கு அனுப்பத் தவறாதீர்கள். துருவங்களின் மேல் சுற்றும் செயற்கைக்கோளை ஆர்க்டிக்கில் இருக்கும் நிலையம் ஏறத்தாழ ஒவ்வொரு சுற்றிலும் பார்த்துவிடும். 11.6 பாகையில் இருக்கும் சேலத்துக்கு அது காலையில் இரண்டு, மாலையில் இரண்டு முறைதான் வரும். அதைக் கட்டிய மாணவர்களின் சொந்த நிலையத்துக்கும், இந்தியாவில் இருந்தால், இதே கதிதான். அன்றைக்கு அவர்களின் நிலையத்தில் மின்சாரம் இல்லை என்றால் உங்களுடைய ஃபிரேம்தான் அந்த நேரத்துக்கான ஒரே பதிவு. நேரத்தை உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் குறியுங்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். காலை நாலு மணி பாஸ் என்றால் தேதியும் முந்தைய நாளாகிவிடும், அதை மறந்து அனுப்பப்பட்ட ஃபிரேமை வைத்து எந்தச் சுற்றில் பேட்டரி இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.